பின்னால் 36 பல்: ஏற்காட்டு ஏற்றத்துக்காக ஒரு ரோடு சைக்கிளின் கியரைத் தாழ்த்திய அனுபவம்

என் ரோடு சைக்கிளில் முன்னால் பெடலோடு சுழலும் 50, 34 பல் கொண்ட இரண்டு செயின்ரிங்குகளும், பின்சக்கரத்தில் 11 முதல் 28 பல் வரையிலான ஒன்பது ஸ்ப்ராக்கெட்டுகளும் (பல்சக்கரங்களும்) இருந்தன. விடியற்காலையில் இரண்டு தண்ணீர் போத்தல்களை மட்டும் எடுத்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுவதற்கு இந்த அமைப்பு போதுமானதாகவே இருந்தது. சென்ற மார்கழியில் மூன்று நாள் பயணத்துக்கென்று பின்கேரியரில் பன்னிரண்டு கிலோ பைகளைக் கட்டிக்கொண்டு அதே சாலையில் ஏறியபோதுதான் குறை தெரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்ததும் மிதிப்பு நிமிடத்துக்கு நாற்பது சுற்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒவ்வொரு மிதியும் மாடிப்படியில் அரிசி மூட்டையோடு ஏறுவதுபோல் இருந்தது. இடது முழங்காலின் முன்பக்கத்தில் ஊசி குத்துவதைப் போன்ற வலி தொடங்கியது. மீதி வழியில் பாதியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். தள்ளுவதில் இழிவு ஒன்றும் இல்லை என்றாலும், பெடலில் பூட்டிக்கொள்ளும் க்ளீட் பதித்த காலணியோடு தார்ச்சாலையில் நடப்பது குதிரை நடக்கும் ஓசையைத்தான் தரும்.

ஊர் திரும்பியவுடன் கடைக்குப் போயிருந்தால் கண்ணில் பட்டதை வாங்கியிருப்பேன். முழங்கால் வலி இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைத்தது நல்லதாகப் போயிற்று. கணக்குப் போட நேரம் கிடைத்தது. எவ்வளவு தாழ்ந்த கியர் வேண்டும் என்பதைக் கடையில் என்ன கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் விடை தவறாகவே வரும். நம் கால் நெடுநேரம் தாங்கக்கூடிய உழைப்பு எவ்வளவு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதை அளக்கத் தனிக் கருவி எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் சுமையில்லாத பழைய பயணங்களின் பதிவு கைபேசியில் இருந்தது. மூச்சுத் திணறாமல், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் 100 மீட்டர் உயரம் ஏற எனக்கு ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகியிருந்தது. நானும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 84 கிலோ, புவியீர்ப்பு 9.81, உயரம் 100 மீட்டர், நேரம் 600 வினாடி. பெருக்கி வகுத்தால் 137 வாட் வருகிறது. டயர் உருளும்போது இழக்கும் சக்திக்காகச் சுமார் 13 வாட் சேர்த்தால் 150 வாட். என் வயதுக்கும் உடற்பயிற்சிக்கும் இதுவே என் இருப்பு. இதற்குமேல் செலவு செய்தால் அடுத்த வளைவில் கடன்காரன் ஆகிவிடுவேன்.

இனி மலையின் பக்கம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மலைச்சாலையின் நீளத்தால் உயரத்தை வகுத்தால் சராசரிச் சரிவு 100 மீட்டருக்கு 5 மீட்டரை ஒட்டி வரும். இந்தச் சராசரியை நம்பித்தான் நான் முதலில் ஏமாந்தேன். பைகளோடு சேர்த்து ஏறக்குறைய 95 கிலோவை 5 சதவீதச் சரிவில் ஏற்ற 52 நியூட்டன் விசை போதும். 150 வாட்டில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். பழைய 34க்கு 28 கியரிலேயே (முன்னால் 34 பல், பின்னால் 28 பல்) நிமிடத்துக்கு 66 சுற்று வசதியாக மிதிக்கலாம். அதாவது சராசரிச் சரிவுக்கு என் சைக்கிளில் மாற்ற வேண்டியது எதுவுமே இல்லை. ஆனால் சராசரியில் யாரும் ஏறுவதில்லை. சமமாகக் கிடக்கும் துண்டுகள் சரிவின் கணக்கைக் குறைத்துக் காட்டுகின்றன. எஞ்சிய துண்டுகள் 8 சதவீதம், சில இடங்களில் அதற்கு மேல். 8 சதவீதத்தில் விசை 80 நியூட்டன் ஆகிறது. அதே 150 வாட்டில் வேகம் மணிக்கு 6.7 கிலோமீட்டராகக் குறைகிறது. 34க்கு 28 கியரில் மிதிப்பு 43 சுற்றுதான். முழங்கால் வலித்த காரணம் தாளில் எழுதிப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கியரில் 60 சுற்று மிதிக்க வேண்டுமென்றால் 208 வாட் வேண்டும். அது என்னிடம் இல்லை.

28 மில்லிமீட்டர் டயரோடு என் சக்கரத்தின் சுற்றளவு 2.136 மீட்டர். 34க்கு 28 கியரில் ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் 2.59 மீட்டர் நகரும். பின்னால் 34 பல் இருந்தால் 2.14 மீட்டர், 36 பல் இருந்தால் 2.02 மீட்டர். 8 சதவீதச் சரிவில் 36 பல்லோடு 56 சுற்று மிதிக்கலாம். அறுபதுக்குச் சற்றுக் குறைவு என்றாலும் நாற்பத்துமூன்றோடு ஒப்பிட்டால் அது வேறு உலகம். இதற்கும் கீழே போகலாமா என்றும் யோசித்தேன். மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே, அதுவும் பின்னால் சுமை இருக்கும்போது, கைப்பிடி இடமும் வலமும் அலையத் தொடங்கிவிடுகிறது. எனவே கியரை எவ்வளவு வேண்டுமானாலும் தாழ்த்திக்கொண்டே போவதிலும் பொருளில்லை.

முன்பக்கத்தைத் தாழ்த்துவதுதான் முறையான வழி என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் என் கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் கையில், செயின்ரிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் 110 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்திருக்கின்றன. அந்த வட்டத்தில் 34 பல்லுக்குக் கீழே நடைமுறையில் இறங்க முடியாது. 46க்கு 30 என்ற வேறு கிராங்கை வாங்கினால், செயினை ஒரு செயின்ரிங்கிலிருந்து மற்றதற்குத் தள்ளும் முன் டிரெய்லியரையும் அதற்கேற்பக் கீழே இறக்க வேண்டும். என் சட்டகத்தில் அது பற்றவைத்த தாங்கியில் பொருத்தப்பட்டிருப்பதால் தேவையான அளவுக்கு இறங்காது. மூன்று செயின்ரிங் வைக்கலாம் என்றால் கியர் மாற்றும் இடது கை ஷிஃப்ட்டரையும் மாற்ற வேண்டும். பின்பக்க வேலை முழுவதற்கும் ஆகும் செலவைவிட ஒரு கிராங்கின் விலையே அதிகம் என்பதால் முன்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

பின்பக்கத்தில் முதல் தடை டிரெய்லியர். செயினை ஒரு ஸ்ப்ராக்கெட்டிலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் அந்தக் கை, என் சைக்கிளில் குட்டைக் கூண்டு (செயின் சுற்றிவரும் இரண்டு உருளைகளைத் தாங்கும் சட்டம்) உடையதாக இருந்தது. நண்பர் ஒருவரிடமிருந்து 34 பல் வரையிலான கேசட்டை (ஸ்ப்ராக்கெட்டுகளின் தொகுப்பை) ஒருநாள் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன். டிரெய்லியரைக் கீழே தள்ளும் பி-திருகை முழுவதும் உள்ளே முறுக்கியும், மேல் உருளை பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பற்களில் உரசிக்கொண்டே இருந்தது. டிரெய்லியர் தொங்கும் ஹேங்கரைச் சில சென்டிமீட்டர் நீட்டும் துணைத்துண்டு ஒன்று கிடைக்கிறது. அதை வைத்தால் உரசல் தீரும், ஆனால் குட்டைக் கூண்டால் இவ்வளவு செயினின் தளர்வைச் சுருட்டி வைக்க முடியாது. முன்னால் 50க்கும் 34க்கும் இடையே 16 பல், பின்னால் 36க்கும் 11க்கும் இடையே 25 பல், ஆக 41 பல் வித்தியாசத்தை விழுங்கும் நீளக் கூண்டு எனக்கு வேண்டும். அது மவுண்டன் சைக்கிள் பாகங்களில்தான் இருக்கிறது.

சேலத்தில் நான் வழக்கமாகப் போகும் கடையில் இதைச் சொன்னதும், பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அது மலை சைக்கிள் சாமானுங்க சார், ரோடு சைக்கிள் ஷிஃப்ட்டருக்குச் சேராது, ரெண்டு பேர் மாட்டிப்புட்டு வந்து கழட்டிட்டுப் போயிருக்காங்க” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த இருவரும் பத்து வேக (பத்து ஸ்ப்ராக்கெட்டுகளுக்கான) மவுண்டன் டிரெய்லியரை வாங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஷிமானோ நிறுவனத்தின் ஒன்பது வேக ரோடு ஷிஃப்ட்டர்கள் ஒவ்வொரு சொடுக்குக்கும் கேபிளை ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் இழுக்கின்றன. அந்தக் காலத்து ரோடு டிரெய்லியரும், ஒன்பது வேக மவுண்டன் டிரெய்லியரும் கேபிள் இழுப்பை ஏறக்குறைய 1.7 மடங்காக்கி நகர்கின்றன; 2.5ஐ 1.7ஆல் பெருக்கினால் 4.25. ஒன்பது வேகக் கேசட்டில் ஒரு ஸ்ப்ராக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 4.35 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. பத்து வேக மவுண்டன் டிரெய்லியர் வந்தபோது ஷிமானோ இந்த மடங்கை 1.2 அளவுக்குக் குறைத்துவிட்டது. அதை என் ஷிஃப்ட்டரோடு சேர்த்தால் ஒரு சொடுக்குக்கு 3 மில்லிமீட்டர்தான் நகரும். செயின் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு நடுவே திரிசங்குவாகத் தொங்கும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வேக எண்ணைவிட இந்த மடங்குதான் முக்கியம். இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது பெரியவர் தலையை ஆட்டினாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. “மாட்டிப் பாருங்க, வரலைன்னா எடுத்துட்டு வாங்க” என்று ஆலிவியோ வரிசையின் ஒன்பது வேக டிரெய்லியரையும், 11 முதல் 36 பல் வரையிலான கேசட்டையும், 116 கண்ணிகள் கொண்ட செயினையும் வரவழைத்துக் கொடுத்தார்.

கேசட்டைக் கழற்றச் செயினால் ஆன ஒரு சாட்டைக் கருவி வேண்டும். பழைய செயினில் ஓர் அடி வெட்டி, தட்டை இரும்புப் பட்டியின் நுனியில் இரண்டு போல்ட்டால் இறுக்கி நானே செய்துகொண்டேன். இரும்புக்குப் பெயர் போன ஊரில் இருந்துகொண்டு அதைக் காசு கொடுத்து வாங்க மனம் வரவில்லை. பூட்டு வளையம் முதலில் ‘கிர்ர்’ என்று எழுப்பிய ஓசை அச்சமூட்டினாலும், உள்ளே பல்வரி வெட்டிய வளையம் அப்படித்தான் கழலும். கேசட் ஏறும் ஃப்ரீஹப்பின் தண்டைத் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவி, புதிய கேசட்டைக் கோத்து, 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினேன். இந்த வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது.

அவசரப்பட்டுச் செய்த பிழை இதற்குப் பிறகுதான் வருகிறது. புதிய டிரெய்லியரை மாட்டியதும், கேபிள் ஒத்துழைக்கிறதா என்று பார்க்கும் ஆர்வத்தில் பழைய செயினையே அதில் கோத்துவிட்டேன். சைக்கிளைத் தாங்கியில் தொங்கவிட்டு, கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ஸ்ப்ராக்கெட்டாக ஏற்றினேன். செயின் முன்னால் 50 பல்லில் இருப்பதை மறந்துவிட்டேன். 36க்கு ஏறும்போது டிரெய்லியரின் கூண்டு முன்பக்கமாக நீண்டு விறைத்தது, பெடல் நின்றுவிட்டது, ‘டக்’ என்று ஒரு சத்தம். கையால் சுற்றியதால் பிழைத்தது. சாலையில் காலால் மிதித்திருந்தால் டிரெய்லியர் பிய்ந்து ஸ்போக்கில் நுழைந்திருக்கும்.

செயினின் நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிராங்கின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரையிலான தூரத்தை அங்குலத்தில் எடுத்து இரட்டிப்பாக்க வேண்டும். அதனோடு பெரிய செயின்ரிங்கின் பல்லில் கால் பங்கையும், பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பல்லில் கால் பங்கையும், கூடுதலாக ஓர் அங்குலத்தையும் சேர்க்க வேண்டும். என் சைக்கிளில் அந்தத் தூரம் 415 மில்லிமீட்டர், அதாவது 16.34 அங்குலம். 32.68, 12.5, 9, 1 எல்லாம் சேர்ந்து 55.18 அங்குலம், ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம் என்பதால் 110.4 கண்ணிகள், அடுத்த இரட்டைப்படை எண் 112. பழைய செயினில் 108தான் இருந்தது. பெரிய செயின்ரிங்கையும் பெரிய ஸ்ப்ராக்கெட்டையும் சுற்றி, டிரெய்லியருக்குள் விடாமல் செயினை நேராகப் பிடித்து, இரண்டு கண்ணிகளைக் கூடுதலாக விட்டு வெட்டும் முறையிலும் சரிபார்த்தேன். அதுவும் 112ஐயே காட்டியது. புதிய செயினில் நான்கு கண்ணிகளைக் கழற்றிப் பூட்டுக் கண்ணியால் இணைத்தேன். கணக்கு தெரிந்திருந்தும் அதைப் போடாமல் கையை நீட்டியதற்குத் தண்டனையாக, ஹேங்கர் வளைந்திருந்தது.

வளைவு கண்ணுக்குத் தெரியவில்லை; டிரெய்லியரைப் பின்னாலிருந்து பார்த்தால் கூண்டு சற்றே உள்பக்கம் சாய்ந்திருந்தது. இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. விரைவுப் பூட்டு உள்ள பின்சக்கரத்தின் அச்சு 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் மரையும் கொண்டது. டிரெய்லியரின் போல்ட் ஏறும் ஹேங்கர் துளையிலும் அதே மரைதான். வீட்டில் கிடந்த பழைய பின்சக்கரத்தின் அச்சை அந்தத் துளையில் திருகினால், இரண்டு சக்கரங்கள் பக்கத்துக்குப் பக்கம் இணையாக நிற்க வேண்டும். இரண்டு ரிம்களுக்கும் இடையிலான தூரத்தை மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நான்கு இடங்களில் அளந்தேன். கீழே இருந்த தூரம் மேலே இருந்ததிலிருந்து 11 மில்லிமீட்டர் வேறுபட்டது. பழைய சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து, அவசரமில்லாமல் சிறிது சிறிதாக இழுத்து, வேறுபாடு 2 மில்லிமீட்டருக்குள் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அலுமினியத்தை ஒருமுறை நிமிர்த்தலாம். முன்னும் பின்னும் மாறி மாறி வளைத்தால் முறிந்துவிடும்.

கேபிளைக் கட்டியபோது இன்னொரு பாடம். சிறிய ஸ்ப்ராக்கெட்டுகளில் சொடுக்கு சுத்தமாக விழுந்தது. பெரியவற்றை நெருங்க நெருங்க இரைச்சல் கூடியது. ஷிஃப்ட்டரைச் சந்தேகித்து ஒரு மாலைப்பொழுதை வீணாக்கிய பிறகு, கேபிளை இறுக்கும் போல்ட்டில் அது பதிய வேண்டிய பள்ளத்தில் பதியாமல் மறுபக்கத்தில் இருப்பதைக் கண்டேன். ஒரு போல்ட்டின் விட்டம் அளவுக்கு நெம்புகோலின் நீளம் மாறியதே 1.7 என்ற மடங்கைக் குலைக்கப் போதுமானதாக இருந்தது. மேலும், மவுண்டன் சைக்கிளின் ஷிஃப்ட்டரிலேயே கேபிளை நுணுக்கமாக இறுக்கும் திருகு இருக்கும் என்பதால், நான் வாங்கிய டிரெய்லியரில் அந்தத் திருகு இல்லை. என் சட்டகத்திலும் இல்லை. கேபிள் உறையின் நடுவே செருகும் சிறு திருகு ஒன்றை வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. பிறகு மேல், கீழ் எல்லைத் திருகுகளை வைத்தேன். 36க்கு அப்பால் செயின் ஸ்போக்குப் பக்கம் விழாதபடி தடுக்கும் திருகை மட்டும் மூன்று முறை சோதித்தேன். பி-திருகை, மேல் உருளைக்கும் 36 பல் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே 6 மில்லிமீட்டர் இருக்கும்படி நிறுத்தினேன்.

சோதனைப் பயணத்துக்குத் துணிமணிகளுக்குப் பதிலாகப் பைக்கு ஐந்து கிலோ வீதம் இரண்டு பைகளிலும் அரிசியை நிரப்பி, மீதிக்குத் தண்ணீர் வைத்தேன். “ஏற்காட்டுல அரிசி கிடைக்காதா?” என்று வீட்டில் கேட்டார்கள். கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வரை பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு இடையே பல் வித்தியாசம் கூடியிருப்பதால், சமவெளியில் எதிர்காற்று வீசும்போது ஒரு கியர் கனமாகவும் அடுத்தது இலேசாகவும் இருந்ததுதான் குறை. இந்த மாற்றத்துக்கு நான் கொடுத்த விலை இதுதான். கூட்டமாக வேகமாக ஓட்டுபவர்களுக்கு இது எரிச்சலூட்டும், தனியாகச் சுமையோடு போகிறவனுக்குப் பொருட்டில்லை.

மலையில் முதல் வளைவுகளிலேயே வேறுபாடு காலுக்குத் தெரிந்தது. மார்கழியில் நான் இறங்கி நின்ற அதே இடத்தை இம்முறை மணிக்கு ஆறரை கிலோமீட்டர் வேகத்தில், உட்கார்ந்தபடியே, 54 சுற்று மிதிப்பில் கடந்தேன். தாளில் எழுதிய 56க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு செயினில் இழக்கும் சக்தியாக இருக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைக் கவனித்தேன். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பில் ஏற வேண்டியிருக்கிறது. தூரம் குறைந்து உயரம் குறையாததால் அங்கே சரிவு செங்குத்தாகிறது. வலது பக்கம் திரும்பும் வளைவில் வெளிவிளிம்பு நமக்குக் கிடைப்பதால் அதே வளைவு சாய்வுநாற்காலிபோல் இருக்கிறது. எனவே இடது வளைவுக்கு முப்பது மீட்டர் முன்பே, மிதியில் அழுத்தம் குறைவாக இருக்கும்போதே, 36க்கு மாற்றிவிட வேண்டும். செங்குத்தில் ஏறிக்கொண்டே மாற்ற முயன்றால் செயின் முனகும், மாறாது. பேருந்து இறங்கி வந்தால் அதற்கு வளைவு முழுவதும் தேவைப்படும். காலை ஊன்றி ஓரமாக நிற்பதே வழி. நின்ற பிறகு அதே இடத்திலிருந்து கிளம்ப முடிந்ததும் இந்தக் கியரால்தான்.

ஏறும்போது முன்சக்கரம் இலேசாகி அலைந்தது. அரிசியில் இரண்டு கிலோவை எடுத்துக் கைப்பிடிப் பையில் வைத்ததும் அது அடங்கியது. பாதி மலையில் 32 பல்லை ஒட்டிய ஸ்ப்ராக்கெட்டில் செயின் உரசத் தொடங்கியது. புதிய கேபிள் உறை தன் இடத்தில் அமர்ந்ததன் விளைவு. உறையின் திருகை அரைச் சுற்று வெளியே திருப்பியதும் ஓசை நின்றது. அதற்காக நிறுத்திய இரண்டு நிமிடத்தில் குரங்கு ஒன்று முன்பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு சுவரேறிவிட்டது.

அடுத்த வாரம் அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக ஏறினேன். அந்தச் சாலையில் செங்குத்தான இடங்கள் இருந்தன. 10 சதவீதத்தைத் தொடும் இடங்களில் என் கணக்குப்படி வேகம் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர், மிதிப்பு 45 சுற்று. உண்மையிலும் அப்படியே இருந்தது. இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினேன், ஆனால் முழங்காலில் வலி இல்லை. அங்கே 34க்கு 36 போதவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முன்னால் 30 பல் இருந்திருந்தால் மிதிப்பு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பைகளில் மூன்று கிலோவைக் குறைப்பது அதைவிட மலிவு என்பதால், கிராங்கைத் தொடும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கடைப் பெரியவரிடம் சைக்கிளைக் காட்டியபோது, தாங்கியில் தூக்கி வைத்து ஒன்பது ஸ்ப்ராக்கெட்டிலும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “இது எந்த டிரெய்லியர்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார்” என்றார். எழுதிக் கொடுத்தேன்; ஒன்பது வேகம் என்பதற்கு அடியில் இரண்டு கோடும் போட்டேன். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கு அடுத்த மாதம் போகவிருப்பதால், ஒருமுறை வளைந்து நிமிர்ந்த ஹேங்கரை நம்பாமல், அதே அளவில் புதியது ஒன்றை வாங்கி, இருக்கைக்குக் கீழுள்ள பையில் ஆலன் சாவியோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருக்கிறேன்.